காய்ச்சல் விட்ட அன்று ரயில் ஏறலாமா?

மும்பையில் மழைக்காலம் முடியும் தறுவாயில் தாதரிலும் சத்திரபதி சிவாஜி ரயில் நிலையத்திலும் ஒரு காட்சியைக் காணலாம். தெற்கே போகும் ரயில் புறப்படும் நேரம். போர்வையைப் போர்த்திக்கொண்டு ஓர் இளைஞன் வருவான். அறை நண்பர்கள் இரண்டு பேர் அவனைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து பெட்டியில் ஏற்றுவார்கள். தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட் பாக்கெட்டும் தலைமாட்டில் வைப்பார்கள்.

"நாலு நாளாகக் காய்ச்சல். நேற்று ராத்திரி விட்டுவிட்டது. ஊருக்குப் போய் அம்மா கையால் கஞ்சி குடித்தால் தேறிவிடுவான்" என்பார்கள்.

அன்பு மிகுந்த பேச்சுதான். ஆனால் வந்த காய்ச்சல் டெங்குவாக இருந்தால், அந்த நண்பர்கள் அறியாமல் ஒரு பெரிய தவறைச் செய்கிறார்கள். டெங்குவில் உயிருக்கு ஆபத்தான நேரம் காய்ச்சல் கொதிக்கும் நேரம் அல்ல. காய்ச்சல் விட்ட பிறகு வரும் 24 மணி முதல் 48 மணி நேரம்தான் ஆபத்தான நேரம். சென்னைக்குப் போக ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். நெல்லைக்கும் நாகர்கோவிலுக்கும் அதைவிட அதிகம். அந்த ஆபத்தான நேரம் முழுவதையும், டாக்டர் இல்லாத ரயில் பெட்டியில் கழிக்க அந்த இளைஞனை அனுப்பி வைக்கிறார்கள்.

இந்தப் பழக்கம் நிற்க வேண்டும்.

காய்ச்சல் போனால் நோய் போயிற்றா?

பல சாதாரணக் காய்ச்சல்களில் உடம்பு குளிர்ந்தால் நோய் தீர்ந்தது என்று அர்த்தம். அந்த அனுபவத்தை வைத்துத்தான் மக்கள் டெங்குவையும் எடை போடுகிறார்கள்.

டெங்கு வேறு மாதிரி. கொசு கடித்த 4 முதல் 10 நாட்களில் திடீரென்று கடும் காய்ச்சல் வரும். தலை வலிக்கும். கண்ணுக்குப் பின்னால் வலிக்கும். எலும்பு முறிவது போல உடம்பெல்லாம் நோகும். சிலருக்குத் தோலில் சிவப்புத் தடிப்பு வரும். இது 2 நாள் முதல் 7 நாள் வரை நீடிக்கும்.

பிறகு காய்ச்சல் இறங்கும். பெரும்பாலோர் அத்துடன் தேறிவிடுகிறார்கள். சிலருக்கு மட்டும், அந்தச் சமயத்தில் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்குகிறது. குழாய்க்குள் ரத்தம் கெட்டிப்படுகிறது. ரத்த அழுத்தம் இறங்குகிறது. கை கால் சில்லிடுகிறது. வெளியே பார்ப்பவர்களுக்கு "காய்ச்சல் இல்லை, உடம்பு குளுகுளு என்று இருக்கிறது" என்றுதான் தோன்றும். அந்தக் குளிர்ச்சி நல்லதற்கா, கெட்டதற்கா என்று தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது.

கடுமையான டெங்குவைக் கூட நேரத்தோடு கண்டுபிடித்து, சலைன் முறையாக ஏற்றினால் இறப்பவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்த நோயில் பெரும்பாலும் உயிர் போவது மருந்து இல்லாததால் அல்ல. நேரம் தப்பிப் போவதால்.

காலண்டரில் ஒரு குறி

தமிழன் குடியிருக்கும் கோலியில் தினசரி காலண்டர் இல்லாமல் இருக்காது. ராகு காலம், எமகண்டம் பார்க்க அது வேண்டும். அதே காலண்டர் உயிரையும் காப்பாற்றும்.

காய்ச்சல் தொடங்கிய நாளையும் நேரத்தையும் அந்தத் தாளில் குறித்துவிட வேண்டும். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை நாளாக?" என்பதுதான். "மூணு நாலு நாள் இருக்கும்" என்று இழுத்தால் அவருக்குப் பயன் இல்லை. ரத்தப் பரிசோதனை கூட நாள் கணக்கைப் பொறுத்தது. முதல் 5 நாட்களுக்குள் என்.எஸ்.1 என்ற பரிசோதனை செய்கிறார்கள். அதற்கு மேல் ஆனால் ஐ.ஜி.எம். என்ற வேறு பரிசோதனை. நாளை மாற்றிச் சொன்னால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம்.

மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை நோயாளியைத் தனியே விடக்கூடாது. குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு மனைவி இருக்கிறாள், தாய் இருக்கிறாள். எட்டுப் பேர், பத்துப் பேர் சேர்ந்து வாடகை கொடுக்கும் அறையில் காலை 7 மணிக்கு எல்லோரும் வேலைக்குப் போய்விட்டால், படுத்திருப்பவனுக்குத் தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை. முறை போட்டுக்கொண்டு ஒருவர் தங்குவதுதான் வழி. ஒரு நாள் கூலி போகும் என்பது உண்மை. ஊருக்குச் சவப்பெட்டி அனுப்பும் செலவை எண்ணிப் பார்த்தால் அந்தக் கூலி பெரிதாகத் தெரியாது.

கூட இருப்பவர் கவனிக்க வேண்டியவை இவை:

வயிற்றில் கடும் வலி. விடாத வாந்தி. ஈறிலோ மூக்கிலோ ரத்தம். மலம் கறுத்துப் போதல். மூச்சு வாங்குதல். நிலைகொள்ளாத தவிப்பு அல்லது அசாதாரணமான தூக்கம். கை கால் சில்லிடுதல். 4 மணி, 6 மணி நேரம் ஆகியும் சிறுநீர் கழியாமல் இருத்தல்.

இவற்றில் ஒன்று தென்பட்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். தாராவி, மாட்டுங்கா, கோலிவாடா பக்கம் இருப்பவர்களுக்குச் சயான் ஆஸ்பத்திரி பக்கம். பரேலில் கே.இ.எம். இருக்கிறது. சிஞ்ச்போக்ளி அருகில் தொற்று நோய்களுக்கென்றே கஸ்தூர்பா ஆஸ்பத்திரி இருக்கிறது. இவை மூன்றும் மாநகராட்சி ஆஸ்பத்திரிகள்.

பாஷை தெரியாது என்று தயங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காய்ச்சலுக்கு இந்தியில் 'புகார்', மராத்தியில் 'தாப்'. வாந்திக்கு இரண்டிலும் 'உல்டி'. ரத்தத்துக்கு இந்தியில் 'கூன்'. காலண்டர் தாளைக் கிழித்துக் கையில் கொண்டுபோய்க் காட்டினால் பாதிப் பேச்சு தேவைப்படாது.

ஊசி போட்டு வேலைக்குப் போவது

காய்ச்சல் வந்த அன்றே தெரு முனை டாக்டரிடம் போய், "சார், நாளைக்கு வேலைக்குப் போகணும், ஊசி போடுங்க" என்று கேட்கிறவர்கள் ஏராளம். வாடகையும் ஊருக்கு மணியார்டரும் நிற்கக் கூடாது என்ற கவலையில் பழகிய பழக்கம் இது. மணியார்டர் போய் இப்போது செல்போனில் பணம் அனுப்பும் காலம் வந்தும், ஊசிப் பழக்கம் மட்டும் போகவில்லை.

டெங்குவுக்கு ஊசி மருந்து கிடையாது. நோய்க் கிருமியைக் கொல்லும் மாத்திரையும் கிடையாது. இது வைரசால் வருவது. ஆண்டிபயாடிக் மாத்திரைகள் இதற்கு வேலை செய்யாது. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் ஒன்றுதான், அதுவும் டாக்டர் சொன்ன அளவுக்கு. உடம்பு வலி போகட்டும் என்று ஆஸ்பிரின், புரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்துகளை எடுத்தால் வயிற்றில் ரத்தக் கசிவு ஏற்பட வழி உண்டு. மருந்துக் கடையில் "உடம்பு வலி மாத்திரை" என்று கேட்டு வாங்கி விழுங்குவது ஆபத்து.

மிச்சம் உள்ள வைத்தியம் தண்ணீரும் ஓய்வும். கஞ்சி, மோர், இளநீர், எலுமிச்சம் பழச் சாறு, உப்புச் சர்க்கரைக் கரைசல் எதுவானாலும் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்க வேண்டும்.

நிலவேம்புக் கஷாயத்தைப் பற்றியும் பப்பாளி இலைச் சாற்றைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. இரண்டிலும் தமிழ் மக்களுக்கு நம்பிக்கை அதிகம். குடிப்பவர்களை ஏளனம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் "இலைச் சாறு கொடுத்தாயிற்று, இனி பயமில்லை" என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வதுதான் தவறு. ரத்தக் குழாயில் நீர் கசிவதைக் கஷாயம் நிறுத்தாது. ரத்தத் தட்டணு எத்தனை ஆயிரம் என்று எண்ணி எண்ணிப் பதறுவதும் அப்படித்தான். எண்ணிக்கை குறைந்ததால் மட்டுமே ரத்த அணு ஏற்ற வேண்டும் என்பதில்லை. நோயாளியின் நிலையைப் பார்த்து டாக்டர் முடிவு செய்ய வேண்டியது அது.

ஒரு முறை வந்தவர்களுக்கு இனி வராது என்பதும் தப்பு. டெங்கு வைரசில் 4 வகை உண்டு. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்குத்தான் பாதுகாப்பு. இரண்டாம் முறை வேறு வகை தாக்கினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு முதல் முறையைவிட அதிகம்.

குற்றவாளி சாக்கடையில் இல்லை

இந்த நோய் மும்பைக்கு மட்டும் சொந்தமானதல்ல. 1780-ம் ஆண்டிலேயே சென்னையில் இதைப் போன்ற காய்ச்சல் பரவியதாக மருத்துவ ஏடுகளில் இருக்கிறது. 1963-64-ல் கல்கத்தாவில் ரத்தக் கசிவுடன் கூடிய டெங்கு பரவியது. 1996-ல் டெல்லியில் 10,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டு, 400 பேருக்கு மேல் இறந்தார்கள். மும்பையில் 2012 அக்டோபரில் சினிமாத் தயாரிப்பாளர் யஷ் சோப்ரா இந்தக் காய்ச்சலில்தான் காலமானார். மாளிகை, குடிசை என்ற பேதம் இந்தக் கொசுவுக்கு இல்லை.

கொசு என்றதும் எல்லோரும் சாக்கடையைக் காட்டுகிறார்கள். சாக்கடைக் கொசு வேறு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில் முட்டை இடுவது. காலில் வெள்ளை வளையம் இருக்கும். பகலில் கடிக்கும், காலையிலும் சாயங்காலம் இருட்டுவதற்கு முன்னும் அதிகம். ராத்திரி கொசுவர்த்தி ஏற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கி எழுந்து, காலையில் அதனிடம் கடிபடுகிறார்கள்.

அது பிறக்கும் இடம் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கோலியின் மூலையில் நிற்கும் 200 லிட்டர் டிரம். மாடிப்படிக்குக் கீழே மூடி இல்லாத சிமெண்ட் தொட்டி. ஓட்டின் மேல் போட்ட நீலத் தார்ப்பாயில் தேங்கிய மழைத் தண்ணீர். அந்தத் தார்ப்பாய் காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஏற்றி வைத்த பழைய டயர். டயருக்குள் தேங்கும் தண்ணீரை வெயிலும் லேசில் காய வைக்காது.

அடுக்கு மாடிக் குடியிருப்பில் இருக்கும் குமாஸ்தா வீடுகளும் தப்பவில்லை. பிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு, பாட்டிலில் வளர்க்கும் மணி பிளாண்ட், பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு ஆகியவை அங்கே கொசுத் தொட்டில்கள். ஆபீசில் மணல் கொட்டாமல் தண்ணீர் ஊற்றி வைத்த தீயணைப்பு வாளியையும் ஒரு நாள் எட்டிப் பார்க்கலாம். பகலில் கடிக்கும் கொசுவுக்கு ஆபீஸ் நேரம்தான் வசதி.

ஒரு கொசு ஒரு தடவையில் 100 முட்டை வரை இடும். முட்டை கொசுவாகப் பறக்க 7 முதல் 10 நாள் போதும். முட்டைகளைத் தண்ணீரில் மிதக்க விடாமல், தண்ணீர் மட்டத்தை ஒட்டி டிரம்மின் உட்சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டாலும் அந்த முட்டைகள் மாதக் கணக்கில் காய்ந்து கிடந்து, மறுபடி தண்ணீர் படும்போது பொரிக்கும்.

ஆகவே டிரம்மைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. தேங்காய் நார் கொண்டு உட்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள் இதைச் செய்தால் முட்டை கொசுவாகும் முன்பே அந்தச் சங்கிலி அறுந்துவிடும். மராத்தியில் இதைத்தான் 'கோரடா திவஸ்' என்கிறார்கள். காய்ந்த நாள் என்று பொருள். கழுவிய பிறகு மூடி போட வேண்டும். மூடி இல்லாவிட்டால் பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து இறுக்கிக் கட்டினால் போதும்.

நோயாளி படுத்திருக்கும் வீட்டில் இன்னொரு கடமையும் உண்டு. காய்ச்சல் இருக்கும் நாட்களில் அவர் ரத்தத்தில் வைரஸ் இருக்கும். அவரைக் கடிக்கும் கொசு, ஒன்றிரண்டு வாரத்தில் அடுத்தவருக்கு அதைக் கொண்டு போகும். பகலிலும் அவரைக் கொசு வலைக்குள் படுக்க வைக்க வேண்டும். காய்ச்சலோடு ரயில் ஏறிப் போகிறவர், தன் கிராமத்துத் தண்ணீர்த் தொட்டியில் வளர்ந்த கொசுவுக்கும் மும்பை நோயைக் கொடுத்துவிடக் கூடும். பேரனைப் பார்த்த மகிழ்ச்சியில் பக்கத்தில் உட்காரும் பாட்டிக்கு அது வரலாம். ரயில் ஏறக்கூடாது என்பதற்கு இது இரண்டாவது காரணம்.

அபராதம் மட்டும் போதுமா?

வீட்டில் கொசுப் புழு கண்டுபிடிக்கப்பட்டால் மாநகராட்சி நோட்டீஸ் கொடுக்கிறது. கோர்ட்டுக்குப் போனால் அபராதம் உண்டு. சட்டம் சட்டம்தான். அதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் ஒரு கேள்வியை மாநகராட்சியும் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும். ஏழைத் தொழிலாளி ஏன் டிரம் வாங்கி வைக்கிறான்? அழகுக்காகவா? பத்துக்குப் பத்து அடி அறையில் படுக்கவே இடம் இல்லை. அதில் கால்வாசி இடத்தை டிரம்முக்குக் கொடுக்கிறான் என்றால், குழாயில் தண்ணீர் சில மணி நேரம்தான் வருகிறது என்பதால். தினமும் போதிய தண்ணீர் நம்பிக்கையாக வந்தால் டிரம் தானாகத் தெருவுக்குப் போய்விடும். இட்லி வியாபாரத்துக்கு அரிசி ஊறப் போடும் குடும்பங்கள் தண்ணீரைச் சேமிக்காமல் என்ன செய்யும்?

தண்ணீரைக் கொடுக்காமல், தண்ணீரைச் சேர்த்து வைத்ததற்கு அபராதம் போடுவது முழு நியாயம் ஆகாது. தண்ணீர் நேரத்தைக் கூட்டும் வரை, குடிசைப் பகுதிகளில் டிரம்முக்கு மூடி கொடுக்கலாம். ஆளை அனுப்பி வாரம் ஒரு முறை மருந்து ஊற்றலாம். தொட்டிகளில் புழுவைத் தின்னும் கப்பி மீன் விடலாம். நோட்டீசை விட இவற்றுக்குப் பலன் அதிகம்.

மக்கள் பக்கமும் தவறு உண்டு. வீடு தேடி வரும் கொசு ஒழிப்பு ஊழியரைச் சந்தேகத்தோடு பார்த்து, "உள்ளே ஒன்றும் இல்லை" என்று கதவைச் சாத்துகிறார்கள். மருந்து ஊற்றினால் தண்ணீர் கெட்டுவிடும் என்று தடுக்கிறார்கள். அதே மக்கள் புகை வண்டி வந்தால் மகிழ்கிறார்கள். புகை அடிப்பதால் சாவது பறந்துகொண்டிருக்கும் கொசு மட்டும்தான். டிரம்முக்குள் நெளியும் புழுவுக்கு அந்தப் புகையால் ஒன்றும் ஆகாது. அடுத்த வாரம் அது பறந்து வரும். கவுன்சிலரிடம் போய்ப் புகை வண்டி கேட்பதை விட, தண்ணீரும் மூடியும் கேட்பதுதான் விவரம் தெரிந்த கோரிக்கை.

சங்கங்கள் செய்ய வேண்டியது

மும்பையில் தமிழர் சங்கங்களுக்குக் குறைவில்லை. ஊர்ச் சங்கம் உண்டு, சாதிச் சங்கம் உண்டு, கோவில் கமிட்டி உண்டு, ரசிகர் மன்றம் உண்டு. கொடை விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் வசூல் செய்யும் ஆற்றல் அவற்றுக்கு இருக்கிறது. பந்தல் போடும் இளைஞர்களை ஜூன் முதல் நவம்பர் வரை வாரம் ஒரு மணி நேரம் தெருவில் இறக்கினால் போதும். ஓட்டின் மேல் கிடக்கும் டயர்களை இறக்கலாம். தனியாக இருக்கும் வயதானவர்களின் டிரம்மைக் கழுவிக் கொடுக்கலாம். காய்ச்சலில் படுத்திருக்கும் வெளியூர்ப் பையன்களுக்கு முறை வைத்து ஆள் அனுப்பலாம். ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளிக்கு நோய்க் காலத்தில் உதவித் தொகை உண்டு என்று எடுத்துச் சொல்லி, மனு எழுதிக் கொடுக்கலாம்.

பட்டறை முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. ஐந்து நாள் லீவு கேட்கும் தொழிலாளியை "வேண்டாம், ஊருக்கே போய்விடு" என்று அனுப்பினால், அவன் அந்த ஆபத்தான நாளில்தான் ரயிலில் இருப்பான். லீவு கொடுத்து இங்கேயே ஓய்வெடுக்கச் சொல்வது தர்மம் மட்டுமல்ல, தேறிய கையைத் திரும்பப் பெறும் வழியும் அதுதான்.

ஊர் எங்கும் போய்விடாது. அம்மாவும் கஞ்சியும் காத்திருப்பார்கள். காய்ச்சல் விட்டு இரண்டு நாள் முழுதாகக் கழிந்து, நன்றாகச் சாப்பிட்டு, சிறுநீர் ஒழுங்காகப் போய், டாக்டரும் சரி என்று சொன்ன பிறகு டிக்கெட் எடுக்கலாம். அப்போது கைத்தாங்கலாகப் பிடித்து வர யாரும் தேவைப்பட மாட்டார்கள். பெட்டியை அவனே தூக்கிக்கொண்டு ஏறுவான்.